நாலு இடத்துல வந்துட்டா அது உண்மையா?

பத்திரிகை டெஸ்க்ல, யூடியூப் ஸ்கிரிப்ட் எழுதற இடத்துல, ஏன் கோயில் கும்பாபிஷேக மலர் போடற இடத்துல கூட, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி "இதை செக் பண்ணியாச்சா"ன்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், "நாலு இடத்துல வந்திருக்கு, எல்லாத்துலயும் இதேதான் போட்டிருக்கான்". சரி, அந்த நாலு பேரும் எங்கேருந்து எடுத்தாங்க? அதை யாரும் கேட்கறதில்ல. நாலு பேரும் ஒரே இடத்துல எடுத்திருந்தா நம்ம கையில நாலு சாட்சி இல்ல, ஒரே சாட்சிதான் இருக்கு. செக் பண்றதுன்னா ஒரு தகவல் இன்னொண்ணோட ஒத்துப்போகுதான்னு பாக்கறது மட்டும் இல்ல, அந்த இன்னொண்ணு தனியா வந்ததான்னும் பாக்கணும். இதைச் சரியா புரிஞ்சுக்க ஜெர்மனில நடந்த மூணு விஷயம் போதும்னு நினைக்கறேன், மூணும் ரொம்பக் கவனமா வேலை செய்யறதாப் பேர் வாங்கின இடங்கள்ல நடந்தது.

முதல்ல சின்னதைச் சொல்லிடறேன். 2009 பிப்ரவரி, ஜெர்மனியோட பொருளாதார அமைச்சர் மிக்கேல் கிளோஸ் பதவி விலகறாரு, அந்த இடத்துக்கு கார்ல் தியோடோர் ஸூ குட்டன்பெர்க்னு 37 வயசு அரசியல்வாதி வரப்போறாருன்னு செய்தி. பழைய பிரபு குடும்பம், அதனால அவருக்கு முதல் பேரே பத்து இருக்கு, கார்ல், தியோடோர், மரியா, நிக்கோலாஸ்னு ஆரம்பிச்சு சில்வெஸ்டர் வரைக்கும் போகும். அவர் பதவிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பேர் தெரியாத யாரோ ஒருத்தர் ஜெர்மன் விக்கிப்பீடியா பக்கத்துல போயி நடுவுல 'வில்ஹெல்ம்'னு பதினோராவதா ஒரு பேரைச் சேர்த்துட்டாரு. அடுத்தடுத்த நாள்ல பெரிய பெரிய பத்திரிகை எல்லாத்துலயும் அந்த வில்ஹெல்மோட சேர்த்தே முழுப்பேர் வந்துச்சு, பில்டு பத்திரிகை முதல் பக்கத்துலயே பெருசா போட்டுச்சு. இதுக்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். விக்கிப்பீடியாவுல சிலருக்கு சந்தேகம் வந்து, இதுக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்டு அந்தப் பேரை எடுத்தாங்க. உடனே இன்னொருத்தர் ஷ்பீகல் ஆன்லைன்ங்கற செய்தித் தளத்துல வந்த செய்தியை ஆதாரமாக் காட்டி திரும்பச் சேர்த்துட்டாரு. அதாவது விக்கிப்பீடியாவுல இருந்த பொய் பத்திரிகைக்குப் போச்சு, பத்திரிகைல வந்ததால விக்கிப்பீடியாவுல அது உண்மையாயிடுச்சு. சேர்த்த ஆளே பில்டுபிளாக்ங்கற ஊடகக் கண்காணிப்புத் தளத்துல வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளிய வந்துச்சு. குட்டன்பெர்க் 2002-லேருந்தே நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தவரு, அவருக்குன்னு ஆபீஸ் இருந்துச்சு, போன் இருந்துச்சு. ஒரே ஒரு போன் போட்டு "அவரோட முழுப்பேர் சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல, ஒரு பேர்தானேன்னு விட்டுடலாம். ஆனா இதே மாதிரி ஒரு சுத்து 1983-ல ஒரு பெரிய பத்திரிகையையே கவுத்துச்சு.

1983 ஏப்ரல் 25, ஹாம்பர்க் நகரத்துல ஸ்டெர்ன் வார இதழ் ஒரு பிரஸ் மீட் வெச்சுது. ஹிட்லர் கைப்பட எழுதின டைரிகள் கிடைச்சிருக்கு, கிட்டத்தட்ட 60 நோட்டு, கண்டுபிடிச்சது எங்க ரிப்போர்ட்டர் கெர்ட் ஹைடமான்னு அறிவிச்சாங்க. நாஜி ஆட்சியோட வரலாற்றைப் பெரும்பகுதி திருத்தி எழுத வேண்டியிருக்கும்னு ஆசிரியர் பீட்டர் கோக் எழுதினாரு. அந்த நோட்டுகளுக்காக நிறுவனம் கொடுத்த தொகை சுமார் 93 லட்சம் மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்). ரெண்டு வாரம் கூட ஆகல, மே 6-ம் தேதி ஜெர்மன் அரசோட ஆவணக் காப்பகம் இது மொத்தமும் போலின்னு சொல்லிடுச்சு. எழுதினது ஸ்டுட்கார்ட் பக்கம் பழைய ராணுவப் பொருள் வியாபாரம் பண்ணிட்டிருந்த கொன்ராட் குயாவ்ங்கற ஆளு.

செக் பண்ணாமலே போட்டுட்டாங்கன்னு பொதுவா சொல்லுவாங்க, அது சரியில்ல. செக் பண்ணாங்க. எதை, யாரோட பொருளை வெச்சு செக் பண்ணாங்கங்கறதைக் கிட்டப் போயி பாக்கணும்.

டைரி எப்படித் தப்பிச்சு வந்துச்சுங்கறதுக்கு ஒரு கதை இருந்துச்சு. 1945 ஏப்ரல்ல ஹிட்லரோட பொருட்களை பெர்லின்லேருந்து ஏத்திட்டுக் கிளம்பின ஒரு விமானம் டிரெஸ்டன் பக்கத்துல பேர்னர்ஸ்டோர்ஃப்ங்கற கிராமத்துல விழுந்து எரிஞ்சுச்சு, அதுல தப்பின பெட்டியில இருந்ததுதான் இந்த டைரின்னு சொன்னாங்க. ஹைடமான் அந்த கிராமத்துக்கே போனாரு, விபத்துல செத்தவங்களோட கல்லறையைப் பாத்தாரு. விமானம் விழுந்தது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா விமானம் விழுந்தது உண்மைங்கறதால அதுக்குள்ள டைரி இருந்துச்சுன்னு ஆயிடாது இல்லையா. கதைல சரிபார்க்க முடிஞ்ச பகுதி உண்மையா இருந்ததும், சரிபார்க்க முடியாத பகுதி மேலயும் நம்பிக்கை வந்துடுச்சு. நல்லா பொய் சொல்றவங்க எல்லாரும் இதைத்தான் பண்றாங்க, சுத்தி வர தேதி, ஊர், பேர் எல்லாம் கச்சிதமா இருக்கும், நடுவுல இருக்கற ஒண்ணே ஒண்ணுதான் இட்டுக்கட்டினது.

அடுத்தது கையெழுத்து. சுவிட்சர்லாந்துலேருந்து மாக்ஸ் ஃப்ரை சுல்சர், அமெரிக்காவுலேருந்து ஆர்ட்வே ஹில்டன், ரெண்டு பேரும் பெரிய நிபுணர்கள், சில பக்கங்களைக் கொடுத்துக் கேட்டாங்க. ஹில்டனுக்கு ஜெர்மன் படிக்கத் தெரியாது. ரெண்டு பேருமே இது ஹிட்லர் கையெழுத்துதான்னு சொன்னாங்க. ஏன்னா ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு "இது அசல் ஹிட்லர் கையெழுத்து"ன்னு கொடுத்த காகிதங்கள்ல ஹைடமானோட சொந்த சேகரிப்புலேருந்து வந்ததும் கலந்திருந்துச்சு, அதை எழுதினதும் அதே குயாவ்தான். குயாவ் எழுதினதை குயாவ் எழுதினதோட ஒப்பிட்டா ஒத்துப்போகத்தானே செய்யும்! நிபுணர்கள் சொன்னது ஒரு வகைல சரி, ரெண்டையும் எழுதினது ஒரே கைதான். தப்பு இருந்தது அவங்க கையில கொடுத்த அளவுகோல்ல.

மூணாவது, வரலாற்று ஆசிரியர் ஹ்யூ டிரெவர் ரோப்பர். ஹிட்லரோட கடைசி நாட்களைப் பத்தி எழுதி பேர் வாங்கினவரு, லண்டன் டைம்ஸ் நிறுவனத்துல டைரக்டராவும் இருந்தாரு. ஏப்ரல் மாசம் அவரை சூரிக்ல ஒரு வங்கி லாக்கர் அறைக்குக் கூட்டிட்டுப் போயி நோட்டுகளை அடுக்கி வெச்சுக் காட்டினாங்க, கூடவே ஓவியம், கடிதம், குறிப்புன்னு ஏகப்பட்டது. இவ்வளவையும் ஒருத்தன் உக்காந்து போலியா பண்ண முடியுமான்னு அவருக்குத் தோணிடுச்சு. காகிதத்தை ரசாயனச் சோதனை பண்ணியாச்சுன்னும், டைரியைக் கொடுத்தவர் யாருன்னு ஆசிரியர்களுக்குத் தெரியும்னும் அவர்கிட்ட சொல்லியிருந்தாங்க. ரெண்டுமே அப்படி இல்ல. ஆனா அந்த நேரத்துல ஸ்டெர்ன் ஆட்கள் இவ்வளவு பெரிய பேராசிரியரே சொல்லிட்டாருன்னு நிம்மதியா இருந்தாங்க, பேராசிரியர் சோதனைதான் ஆயிடுச்சேன்னு நிம்மதியா இருந்தாரு, இப்படி ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சுட்டே போனதுல தரையில கால் ஊன்றினவங்க யாருமே இல்ல.

இதுக்கு நடுவுல ரகசியம் வேற. டைரி கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிலேருந்து கடத்தப்பட்டு வருது, விஷயம் வெளிய போனா அங்க இருக்கறவங்க உயிருக்கு ஆபத்து, அதனால நிறைய பேர்கிட்ட காட்டக் கூடாதுன்னு ஒரு காரணம். இந்த மாதிரி ஒரு காரணம் சொல்லப்பட்டா எனக்கு அங்கதான் முதல்ல சந்தேகம் வரும். உண்மையிலேயே சோர்ஸைக் காப்பாத்த வேண்டிய நேரம் உண்டு, அதை நான் மறுக்கல. ஆனா பேரை மறைக்கறது வேற, பொருளை யாரும் தொட்டுப் பாக்கக் கூடாதுன்னு சொல்றது வேற.

அரசு ஆவணக் காப்பகம் செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. ஹைடமானோ குயாவோ கொடுக்காத ஒண்ணை வெச்சுப் பாத்தாங்க, அதாவது அந்தப் பொருளையே. காகிதத்துல வெளுப்பாக்கறதுக்குச் சேர்க்கற பிளாங்கோஃபோர்ங்கற ரசாயனம் இருந்துச்சு, அது உலகப் போருக்கு அப்புறம்தான் காகிதத்துல வந்தது. பைண்டிங் நூல்ல பாலியெஸ்டர். எழுதியிருந்த விஷயம் பெரும்பாலும் மாக்ஸ் டோமாருஸ் தொகுத்த ஹிட்லர் பேச்சுகள் புத்தகத்துலேருந்து எடுத்தது, அந்தப் புத்தகத்துல இருந்த தப்பு கூட அப்படியே டைரில ஏறியிருந்துச்சு. அட்டையில ஒட்டியிருந்த அலங்கார எழுத்து ரெண்டுல 'ஏ' இருக்க வேண்டிய இடத்துல 'எஃப்' இருந்துச்சு, பழைய ஜெர்மன் எழுத்து வடிவத்துல ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். எல்லார் கண்ணு முன்னாடியும் அட்டை மேலயே இருந்த தப்பு அது. 1985-ல குயாவுக்கும் ஹைடமானுக்கும் நாலரை வருஷத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை கிடைச்சுது.

மூணாவது கேஸும் அதே ஹாம்பர்க்தான், ஷ்பீகல் வார இதழ். இதைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணைச் சொல்லணும், உலகத்துலயே பெரிய சரிபார்ப்புப் பிரிவுகள்ல ஒண்ணு ஷ்பீகலோடது. 'டோகுமென்டாட்சியோன்'னு பேரு, 60 பேர் அளவுக்கு அதுல மட்டும் வேலை பாத்தாங்க, கட்டுரைல வர்ற ஒவ்வொரு பேரு, தேதி, எண்ணையும் தனியாப் பாத்து டிக் பண்ணுவாங்க. நம்ம ஊர்ல ஒரு பத்திரிகையோட மொத்த எடிட்டோரியலே அந்த அளவு இருக்கறது அபூர்வம்.

அப்படிப்பட்ட இடத்துல கிளாஸ் ரெலோட்டியுஸ்னு ஒரு ரிப்போர்ட்டர் வருஷக்கணக்கா இல்லாத மனுஷங்களையும் நடக்காத உரையாடலையும் எழுதிட்டிருந்தாரு, அதுக்கு விருதும் வாங்கினாரு. 2018 டிசம்பர் 19-ம் தேதி ஷ்பீகலே இதை வெளிய சொல்லுச்சு. அவர் எழுதினதுல ஒண்ணு டிரம்ப் ஜெயிச்ச பிறகு அமெரிக்காவோட மின்னசோட்டா மாநிலத்துல ஃபெர்கஸ் ஃபால்ஸ்ங்கற சின்ன ஊரைப் பத்தினது. ஊருக்குள்ள நுழையும்போது டிராகன் வாழற மாதிரி இருண்ட காடு இருக்குன்னு எழுதியிருந்தாரு, அந்த ஊர் இருக்கறதே புல்வெளிச் சமவெளில. மெக்சிகோக்காரங்க உள்ள வராதேன்னு போர்டு இருக்குன்னு எழுதினாரு, அப்படி ஒரு போர்டே இல்ல. ஊர் நிர்வாக அதிகாரி கடலையே பார்த்ததில்லைன்னு எழுதினாரு, அவர் கடற்கரைல நிக்கற போட்டோ இருந்துச்சு. டிரம்புக்கு விழுந்த ஓட்டு சதவீதம் கூட தப்பு, அது யார் வேணும்னாலும் எடுத்துப் பாக்கக் கூடிய கணக்கு. அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர் பொறுமையா உக்காந்து ஒவ்வொரு பொய்யையும் பட்டியல் போட்டு எழுதினாங்க, ஹாம்பர்க் ஆபீஸ் செய்யாத வேலையை அந்த ஊர்ல இருந்த வாசகர்கள் செஞ்சாங்க.

60 பேர் இருந்தும் எப்படித் தப்பிச்சுது? அந்தப் பிரிவு பாத்தது பெரும்பாலும் எழுத்துல கிடைக்கற விஷயங்களை, மக்கள்தொகை எவ்வளவு, அந்த வருஷம் யார் கவர்னர், ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு. ரிப்போர்ட்டர் நேர்ல போயி பாத்தது, ஒருத்தர் அவர்கிட்ட தனியா சொன்னதுன்னு வரும்போது ஆதாரம் ரிப்போர்ட்டர்தான். அவரைக் கேட்டா அவர் ஆமான்னு சொல்லுவாரு. இதுவும் குயாவோட கையெழுத்தை குயாவோட கையெழுத்தால சரிபார்த்த கதைதான். 2019 மே மாசம் வந்த விசாரணைக் குழு அறிக்கையும் சரிபார்ப்பு போதுமான அளவு நடக்கலைன்னு சொல்லுச்சு.

அவரைப் பிடிச்சது உவான் மொரேனோங்கற இன்னொரு ரிப்போர்ட்டர். அமெரிக்க மெக்சிகோ எல்லையைப் பத்தின கட்டுரைல ரெண்டு பேர் பேரும் சேர்ந்து வரவேண்டியிருந்துச்சு, மொரேனோ மெக்சிகோ பக்கம் மக்களோட நடந்து போனாரு, ரெலோட்டியுஸ் அரிசோனா பக்கம் துப்பாக்கியோட எல்லைக் காவல் நிக்கற ஆட்களைப் பத்தி எழுதினாரு. ரெலோட்டியுஸ் எழுதினதைப் படிச்சதும் மொரேனோவுக்கு உறுத்துச்சு. போட்டோ எடுக்க விடமாட்டேன்னு அந்தக் கும்பலோட தலைவர் சொன்னாராம், ஆனா அந்த ஆள் ஏற்கனவே ஒரு டாக்குமென்டரில முகம் காட்டி வந்தவரு. மேலிடத்துல சொன்னப்ப முதல்ல யாரும் நம்பல, பொறாமைல பேசறாருன்னு நினைச்சாங்க. வேலையே போயிருக்கலாம், பெரிய ரிஸ்க் எடுத்தாரு அந்த மனுஷன். அவரே அமெரிக்கா போயி, கட்டுரைல வர்ற ஆட்களை நேர்ல பாத்து, ரெலோட்டியுஸ் போட்டோவைக் காட்டி இவரைத் தெரியுமான்னு கேட்டாரு, தெரியாதுன்னாங்க, அதை வீடியோவா எடுத்துட்டு வந்தாரு. எழுதினவர் கை படாத ஒரு ஆதாரம் அப்பதான் முதல் தடவையா ஆபீசுக்குள்ள வந்துச்சு.

இந்த இடத்துல நியூயார்க்கர் பத்திரிகை பண்றதையும் சொல்லணும். 1927-ல கவிஞர் எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லேயைப் பத்தி ஒரு கட்டுரைல ஏகப்பட்ட தப்பு வந்து, அவங்க அம்மா வழக்கு போடுவேன்னு கிளம்பி வந்த பிறகுதான் அங்க சரிபார்ப்பு ஒழுங்கா அமைஞ்சுதுன்னு சொல்லுவாங்க. அங்க செக்கர் கட்டுரையோட உக்காந்து இணையத்துல மட்டும் தேட மாட்டாரு, கட்டுரைல பேசியிருக்கற ஆட்களுக்குத் தானே போன் போட்டு எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவை கேட்பாரு. ரிப்போர்ட்டர் மேல சந்தேகம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, எல்லாருக்கும் நடக்கற வழக்கம், அதனால யாருக்கும் அவமானமும் இல்ல. சந்தேகம் வந்தாத்தான் செக் பண்ணுவோம்னு வெச்சா நம்பிக்கையா தெரியற ஆள்தான் எப்பவும் தப்பிச்சுப் போவாரு.

போன் போட்டு கேட்கறதுலயும் ஒரு வழி இருக்கு. உதாரணத்துக்கு ஒரு நெசவாளர் 40 வருஷமா தறி போடறாருன்னு கட்டுரைல இருக்குன்னு வெச்சுக்கங்க. "ஐயா, நீங்க 40 வருஷமா தறி போடறீங்க, சரிதானுங்களே"ன்னு கேட்டா பாதிப் பேர் மரியாதைக்கு ஆமான்னு சொல்லிடுவாங்க, ஏன்னா பத்திரிகைக்காரங்களைத் தப்புன்னு சொல்ல அவங்களுக்குக் கூச்சமா இருக்கும். "எந்த வருஷம் தறில உக்காந்தீங்க, அப்ப உங்களுக்கு என்ன வயசு"ன்னு கேட்டா அவர் வாயிலேருந்து வர்றது அவரோட பதில், நாம எழுதிக் கொடுத்தது இல்ல. கணக்கு போட்டுப் பாத்தா 31-னு வரலாம், 52-னும் வரலாம்.

தமிழ்ல மொழிபெயர்த்துப் போடற செய்திகள்ல இது இன்னொரு மாதிரி வரும். மில்லியன், பில்லியனை லட்சம், கோடியா மாத்தறப்ப ஒரு சைபர் நழுவிடும். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி, இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்கு அவசரத்துல தப்பு வரும். அமெரிக்க ஏஜென்சி தேதியை 4/5-னு போட்டா அது ஏப்ரல் 5, நம்ம ஆளு மே 4-னு எழுதிடுவாரு. இந்தத் தப்பு எதுவும் மத்த தமிழ்த் தளங்களைப் பாத்தா பிடிபடாது, ஏன்னா பல பேர் முதல்ல போட்டவங்களோட தமிழைத்தான் எடுத்துப் போடறாங்க. மூலத்துல என்ன எண் இருக்குன்னு திரும்பப் போயி பாத்தாத்தான் பிடிபடும்.

நேரம் இல்லைங்கறது எல்லா டெஸ்க்லயும் நிஜமான பிரச்னை, அதை லேசா சொல்லிட்டுப் போக முடியாது. டிரெவர் ரோப்பருக்கு சந்தேகம் வந்தது, ஹிட்லர் டைரி செய்தியோட லண்டன் டைம்ஸ் நிறுவனத்தோட சண்டே டைம்ஸ் அச்சு ஓட ஆரம்பிச்ச பிறகு. ஓனர் ரூபர்ட் முர்டாக்கைக் கேட்டப்ப அச்சை நிறுத்த வேண்டாம்னுட்டாரு. அவசரம்னு வர்றப்ப முழுக் கட்டுரையையும் செக் பண்ண முடியாதுன்னா, எந்த ஒரு வாக்கியம் பொய்யானா மொத்தக் கட்டுரையும் விழுந்துடுமோ அதை மட்டுமாவது எழுதினவர் கொடுக்காத ஆதாரத்தால பாத்துடணும். ஸ்டெர்னுக்கு அது காகிதத்தோட வயசு, ஷ்பீகலுக்கு அந்த அரிசோனா ஆட்களோட ஒரு போன் பேச்சு.

திருத்தத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், ஏன்னா இன்னைக்கு நாம அச்சுல போடறது நாளைக்கு இன்னொருத்தர் செக் பண்ணும்போது அவருக்கு ஆதாரமா வந்து நிக்கும். ரெலோட்டியுஸ் கட்டுரைகளை ஷ்பீகல் சத்தம் இல்லாம அழிச்சுடல, மேல எச்சரிக்கைக் குறிப்பு போட்டு ஆர்க்கைவ்ல வெச்சுது, அது எனக்குச் சரியான முடிவாத் தெரியுது. எபர்ஹார்ட் யேக்கல்ங்கற வரலாற்று ஆசிரியர் 1980-ல ஹிட்லரோட ஆரம்பகால எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டாரு, அதுக்குள்ள குயாவ் எழுதின போலிகளும் கலந்திருந்துச்சு. அவர் தப்பை மறைக்கல, 1981-லயே தன்னோட தொகுப்புல போலி இருக்குன்னு ஒரு வரலாற்று ஆய்வு இதழ்லயே எழுதிட்டாரு. ஸ்டெர்ன் 1983-ல அச்சுக்குப் போறப்ப ஹிட்லர் கையெழுத்துன்னு சொல்லி போலி புழங்குதுங்கற எச்சரிக்கை ரெண்டு வருஷமா அச்சுலயே இருந்துச்சு. அதனால ஒரு ஆவணத்தையோ ஆளையோ பத்தித் தேடும்போது என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கறதோட நிறுத்தாம, அந்தப் பேரோட 'திருத்தம்', 'மறுப்பு', 'போலி'ன்னு சேர்த்தும் ஒரு தடவை தேடுங்க, புத்தகம்னா அடுத்த பதிப்போட முன்னுரையையும் எடுத்துப் பாருங்க.